ஆர்க்டிக் கடல் பனி எவ்வளவு நகர்ந்தது என்று செயற்கைக்கோள் எப்படிச் சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம்?

“ஆர்க்டிக்கில் திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளைதான். அங்கே பனி ஒரு நாளில் இத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று செயற்கைக்கோளை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கணக்கைக் காலநிலை மாதிரிகளில் போடும்போது அதிலுள்ள பிழையும் சேர்ந்து போய்விடாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்ப்பதற்கு ஒரு கேள்வி, உள்ளே இரண்டு இருக்கின்றன. அளவீடு எப்படி நடக்கிறது என்பது ஒன்று. அந்த அளவீட்டின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். செயற்கைக்கோளிலிருந்து எடுத்த பனி நகர்வுத் தரவைப் பனியின் மேல் வைத்த மிதவைகளின் தரவோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகளை எழுதுபவன் நான் அல்ல. மாதிரி எழுதுபவர்களுக்கு எண்களைக் கொடுத்து, அவர்களிடமிருந்து கேள்விகளை வாங்கிக்கொள்பவன். அதனால் அளவீட்டைப் பற்றி என் அனுபவத்திலிருந்தும், மாதிரிகளைப் பற்றி அவர்களோடு பழகித் தெரிந்துகொண்ட அளவுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கடல் பனி வேறு, பனிப்பாறை வேறு. பனிப்பாறை நிலத்தில் சேர்ந்த பனி உடைந்து கடலில் விழுந்தது. கடல் பனி என்பது கடல்நீரே ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரியில் உறைந்து மேலே படிவது. தடிமன் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர், அதற்குக் கீழே மத்திய ஆர்க்டிக்கில் நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். லேசாக ஊதினால் ஆடை நகரும். இன்னும் ஊதினால் ஒரு பக்கம் கிழிந்து பால் தெரியும், மறுபக்கம் பாத்திர ஓரத்தில் சுருங்கி மடியும். கடல் பனியும் இந்த மூன்றையும் செய்கிறது: நகர்கிறது, கிழிகிறது, மடிந்து முகடுகளாகக் குவிகிறது. சாதாரண நாளில் ஐந்திலிருந்து பத்து கி.மீ., புயல் நாளில் முப்பது கி.மீ.க்கு மேல்கூட நகரும்.

இது நகர்கிறது என்பதே ஒரு கப்பல் உடைந்ததால்தான் உலகத்துக்கு உறைத்தது. ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881ல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அதன் பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. நார்வேக்காரரான நான்சென் அதைப் பார்த்து, பனியோடு சேர்ந்து கப்பலையும் விட்டால் அது ஆர்க்டிக்கைக் கடந்து மறுபக்கம் வந்துவிடும் என்று கணித்தார். 1893ல் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896ல் அது நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளையும் தாண்டி வடக்கே வெளியே வந்தது. அந்தப் பயணத்தில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். காற்று எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் பனி போவதில்லை, 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகிப் போகிறது. பூமி சுழல்வதால் வரும் விளைவு இது. ஸ்வீடன்காரரான எக்மன் பிறகு கணிதமாக எழுதிய கடல் நீரோட்டக் கோட்பாடு இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான். “பனியின் வேகம் காற்று வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீதம், திசை கொஞ்சம் வலப்பக்கம்” என்ற அந்தப் பழைய சூத்திரத்தை நாங்கள் இன்றும் தினமும் பயன்படுத்துகிறோம். இது நினைவில் இருக்கட்டும், பின்னால் இதே சூத்திரம் ஒரு சிக்கலோடு திரும்பி வரும்.

சரி, செயற்கைக்கோளுக்கு வருவோம். எந்தச் செயற்கைக்கோளும் பனி நகர்வதைப் பார்ப்பதில்லை. ஒரே இடத்தை இரண்டு தடவை படம் எடுக்கிறது, அவ்வளவுதான். முதல் படத்தில் இருந்த ஒன்று இரண்டாவது படத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுப்பது நாங்கள். சாதாரண கேமரா இங்கே உதவாது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் கிடையாது, கோடையில் மேகம் விலகாது. அதனால்தான் ரேடாரும் நுண்ணலை உணரிகளும். ரேடார் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அதற்கு இரவும் மேகமும் பொருட்டே இல்லை.

ஒரு உதாரணத்தை அருகிலிருந்து காட்டுகிறேன். அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடலின் மேல் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இடைவெளியில் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த இரண்டு ரேடார் படங்கள். கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரியும் அதே இடம் ரேடாருக்குச் சாம்பலின் நூறு சாயல்கள். பல கோடைகளைத் தாண்டிய பழைய பனியிலிருந்து உப்பு வடிந்து, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும், மேற்பரப்பும் கரடுமுரடாக இருக்கும். அதனால் அது வெளிறித் தெரியும். அந்த வருடம் உறைந்த புதுப்பனி வழுவழுப்பாக, கறுத்துத் தெரியும். இரண்டு தட்டுகள் மோதி எழுந்த முகடுகள் வெள்ளை நரம்புகளாக ஓடும். முதல் படத்தின் நடுவே பத்துப் பன்னிரண்டு கி.மீ. நீளத்தில் மாங்கொட்டை வடிவத்தில் ஒரு பழைய பனித்தட்டு, ஒரு ஓரம் உடைந்து போயிருக்கிறது, பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடாக ஒரு விரிசல். இரண்டாவது படத்தில் அதே மாங்கொட்டை, அதே உடைந்த ஓரம், மேற்கே எட்டு கி.மீ. தள்ளி இருக்கிறது. கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. விரிசல் மட்டும் முன்பைப் போல இல்லை, அகன்று, அதற்குள் புதுப்பனி படிய ஆரம்பித்துவிட்டது. ஒரு மனிதர் அச்செடுத்து மேசையில் வைத்து அளவுகோலால் அளந்தால்கூட இந்த எட்டு கி.மீ. சரியாக வரும். எங்கள் துறையில் ஆரம்பகால வேலைகளில் சில அப்படிக் கையால் செய்யப்பட்டவைதான்.

கணினி இதையே வேறு விதமாகச் செய்கிறது. முதல் படத்திலிருந்து ஒரு சதுரத் துண்டை வெட்டி எடுக்கும். இரண்டாவது படத்தின் மேல் அதை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடும். எங்கே கெழு உச்சத்தில் இருக்கிறதோ அங்கேதான் அந்தத் துண்டு போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். தட்டு திரும்பியிருந்தால் கெழு குறையும் என்பதால், துண்டைச் சில பாகைகள் திருப்பித் திருப்பியும் வைத்துப் பார்ப்பார்கள். இப்படி ஒவ்வொரு துண்டின் நகர்வும் வரைபடத்தில் ஒரு அம்பாகும். பிறகு ஒவ்வொரு அம்பையும் அக்கம்பக்கத்து அம்புகளோடு ஒப்பிட்டு, எல்லோரும் மேற்கே போகும்போது தனியாக வடக்கே போகும் அம்பைத் தூக்கிப் போடுவார்கள். இந்தக் கடைசிப் படியில் கை கொஞ்சம் இறுகினால் உண்மையான கிழிசலையும் பிழை என்று எறிந்துவிடுவோம். தளர்ந்தால் குப்பை உள்ளே வரும். எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும்.

ரேடார் இவ்வளவு நன்றாகக் காட்டுகிறதே, பிறகென்ன பிரச்சினை என்று கேட்கலாம். பிரச்சினை வருடக் கணக்கு. ஆர்க்டிக் முழுவதையும் மீண்டும் மீண்டும் பார்க்கும் ரேடார் படங்கள் 1995ல் ஏவப்பட்ட கனடாவின் ரேடார்சாட்-1க்குப் பிறகுதான் கிடைத்தன. தினசரி, எல்லோருக்கும் இலவசமாக, என்பது 2014ல் சென்டினல்-1 வந்த பிறகு. காலநிலைக்கு நாற்பது வருடத் தொடர் வேண்டும். அது இருப்பது நுண்ணலைக் கதிர்வீச்சை வாங்கிப் பதிவு செய்யும் இன்னொரு வகை உணரிகளிடம். அவை எதையும் அனுப்புவதில்லை, பனி இயல்பாக வெளிவிடும் கதிர்வீச்சை வாங்குகின்றன. 1978 இறுதியில் நிம்பஸ்-7ல் தொடங்கியது, 1987ல் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள், 2012 முதல் ஜப்பானின் ஆம்சர்-2 என்று அந்தத் தொடர் நீள்கிறது. ஆனால் இவற்றின் பிக்சல் பெரிது. பழைய உணரியில் 25 கி.மீ., நடுவில் 12.5 கி.மீ., ஆம்சர்-2ல் சுமார் 5 கி.மீ. பனியோ ஒரு நாளில் ஏழெட்டு கி.மீ.தான் போகிறது. ஒரு பிக்சலைக்கூடத் தாண்டாத நகர்வை அந்தப் பிக்சலை வைத்தே அளக்க வேண்டும். மரக்காலை வைத்து எள்ளை அளக்கிற மாதிரி. முழுப் பிக்சல் கணக்கில் மட்டும் தேடினால் விடை படிக்கட்டு மாதிரி வரும்: சுழியம் அல்லது 12.5, நடுவில் ஒன்றும் கிடையாது. அதைச் சரிசெய்யப் பிக்சல்களுக்கு இடையே உள்ள மதிப்புகளை இடைச்செருகி, ஒட்டுறவின் உச்சத்தைத் தொடர்ச்சியாகத் தேடும் முறை வந்தது. ஐரோப்பாவின் ஓசி-சாஃப் குழு அதைப் பயன்படுத்துகிறது. ஒரு நாளுக்குப் பதில் 48 மணி நேர இடைவெளியை எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். பனி கொஞ்சம் அதிகமாக நகரட்டும் என்று காத்திருக்கிறோம். மிதவைகளோடு ஒப்பிட்டால், உணரியைப் பொறுத்து இந்த இரண்டு நாள் நகர்வில் இரண்டிலிருந்து நான்கு கி.மீ. வரை பிழை இருக்கும்.

மிதவைகள் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 1979 முதல் பல நாடுகள் சேர்ந்து பனியின் மேல் மிதவைகளை இறக்கி வருகின்றன. பனியோடு சேர்ந்து நகர்ந்து, தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்போது ஜிபிஎஸ் இருப்பதால் சில மீட்டர் துல்லியம். மார்ச் மாதத்தில் ஆர்க்டிக் பனி ஒன்றரைக் கோடி சதுர கி.மீ.க்குப் பக்கத்தில் பரந்து கிடக்கும். அதன் மேல் இந்த மிதவைகள் அங்கொன்றும் இங்கொன்றும். சைபீரியக் கரைப் பக்கம் பெரும்பாலும் காலி. ஆகவே மிதவை துல்லியமானது, ஆனால் அரிது. செயற்கைக்கோள் எங்கும் பார்க்கும், ஆனால் மங்கல். எங்கள் தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

ஒப்பிடும்போது நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் இது எந்த விளக்கப்படத்திலும் இருக்காது. ஒரு குளிர்காலத் தொகுப்பை மிதவைகளோடு வைத்துப் பார்த்தபோது அமைதியான நாட்களில் பிழை குறைவாகவும், காற்று திசை மாறும் நாட்களில் மட்டும் இரட்டிப்பாகவும் இருந்தது. பட ஒப்பீட்டில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் அதையே கிளறிக்கொண்டிருந்தேன். கோளாறு கடிகாரத்தில் இருந்தது. தரவில் “நண்பகலிலிருந்து நண்பகல் வரை” என்று போட்டிருக்கும். உண்மையில் அந்த “ஒரு நாள் படம்” என்பது 24 மணி நேரத்தில் செயற்கைக்கோள் பல தடவை கடந்தபோது எடுத்த கீற்றுகளைச் சேர்த்து ஒட்டியது. ஒரு இடத்தில் அதன் சராசரி நேரம் காலை ஆறு மணியாக இருக்கும், இன்னொரு இடத்தில் மாலை நான்கு. நான் மிதவையை நண்பகலில் பிடித்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காற்று நிலையாக அடித்தால் இதனால் கெடுதல் இல்லை. காற்று பகலில் திரும்பிவிட்டால் நான் ஒப்பிட்டது இரண்டு வேறு நகர்வுகளை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் உண்மையான நேரத்தை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது அந்தக் கூடுதல் பிழையில் பெரும்பகுதி கரைந்தது. அன்றிலிருந்து யார் பனி நகர்வுத் தரவைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல, நேரத்தைப் பற்றியது.

அடுத்தது கோடை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஜூன் மாதம் பனியின் மேற்பரப்பு உருக ஆரம்பித்ததும் நுண்ணலை உணரிக்குத் தெரிவது மேலே நிற்கும் ஈரம்தான். பழைய பனி, புதுப்பனி என்ற வித்தியாசம் அழிந்துவிடும். இன்று உருகுநீர்க் குட்டையாகத் தெரிந்த இடம் நாளை வடிந்துபோய் வேறு மாதிரித் தெரியும். காற்றில் உள்ள ஈரப்பதமும் குறுக்கே வரும். ஒட்டிப்பார்க்க முகமே இல்லாத படத்தில் எதை ஒட்டிப் பார்ப்பது? அதனால் பல தொகுப்புகள் நெடுங்காலம் கோடையைக் காலியாகவே விட்டன. இப்போது வருடம் முழுவதுக்கும் வரும் தொகுப்புகள் கோடை இடைவெளியைப் பெரும்பாலும் காற்றை வைத்து நிரப்புகின்றன. அதே பழைய நான்சென் சூத்திரம்தான், இடத்துக்கும் மாதத்துக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் தரும், 1978 முதலான தினசரித் தொகுப்பும் மிதவை, நுண்ணலை, காற்று எல்லாவற்றையும் கலந்துதான் செய்யப்படுகிறது. இது தவறல்ல, அவர்கள் மறைப்பதும் இல்லை. ஆனால் பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டும். ஜூலை மாதத்தில் உங்கள் மாதிரி காற்றுக்குச் சரியாக அசைகிறதா என்று இந்தத் தரவை வைத்துச் சோதித்தால், நீங்கள் ஒரு சூத்திரத்தை இன்னொரு சூத்திரத்தால் சோதிக்கிறீர்கள். இந்த ஒப்பீட்டை அச்சில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனது சங்கடப்படுகிறது.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் சில விஷயங்கள் உறுதியானவை. குளிர்காலத்தில், கரையை விட்டு விலகிய இடங்களில், மாதச் சராசரி நகர்வு எப்படி இருக்கிறது என்பதில் எல்லாத் தொகுப்புகளும் ஒன்றுபோலவே சொல்கின்றன. அலாஸ்காவுக்கு வடக்கே கடிகாரச் சுற்றாகச் சுழலும் போஃபோர்ட் சுழல், சைபீரியப் பக்கத்திலிருந்து துருவத்தைத் தாண்டி கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃப்ராம் நீரிணைக்கு வரும் நீண்ட ஓட்டம், இரண்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. பனி வேகமெடுத்திருக்கிறது என்பதும் உறுதி. மிதவைகளை மட்டும் வைத்து ராம்பாலும் அவரது சகாக்களும் 2009ல் வெளியிட்ட கணக்கில், 1979 முதல் 2007 வரை குளிர்கால வேகம் பத்தாண்டுக்கு 17 சதவீதம் கூடியது, கோடையில் 8.5 சதவீதம். ஸ்ப்ரீனும் சகாக்களும் 2011ல் செயற்கைக்கோள் தரவை வைத்து, 1992 முதல் 2009 வரை, அக்டோபரிலிருந்து மே வரையான மாதங்களுக்குப் பத்தாண்டுக்குச் சுமார் 10.6 சதவீதம் என்றார்கள். காலம் வேறு, மாதங்கள் வேறு, கருவி வேறு. எண்கள் பொருந்தாததில் ஆச்சரியமில்லை, திசை ஒன்றுதான். காற்று அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதையும் இரு குழுக்களுமே பார்த்தார்கள். அப்புறம் வேறென்ன? பனி மெலிந்துவிட்டது. மத்திய ஆர்க்டிக்கில் நீர்மூழ்கிகள் அளந்தபடி 1980 குளிர்காலத்தில் சராசரித் தடிமன் 3.6 மீட்டர். 2008 குளிர்காலத்தில் செயற்கைக்கோள் அளந்தபோது 1.9 மீட்டர். கெட்டி ஆடை காற்றை எதிர்த்து நிற்கும், மெல்லிய ஆடை கிழிந்து போகும். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் நான்சென் செய்ததையே மறுபடி செய்தது. ஃப்ராம் மூன்று வருடம் எடுத்த பாதையைப் போன்ற ஒன்றை அதன் பனித்தட்டு பத்து மாதத்துக்குள் கடந்து, 2020 ஜூலை இறுதியில் ஃப்ராம் நீரிணையில் உடைந்தது. எதிர்பார்த்ததைவிட வேகம். புறப்பட்ட இடம் ஒன்றல்ல, அந்த வருடக் காற்றும் பலமானது. ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் மற்ற எல்லாச் சான்றோடும் அது ஒத்துப்போகிறது.

நகர்வுத் தரவிலிருந்து பிறக்கும் இன்னொரு முக்கியமான விஷயம் பனியின் வயது. ஒரு பனித்துண்டை வாரம் வாரமாகப் பின்தொடர்ந்து, அது எத்தனை கோடைகளைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். 1980களின் நடுவில், மார்ச் மாதத்து ஆர்க்டிக் பெருங்கடலில் நான்கு வயதைத் தாண்டிய பனி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. இப்போது சில சதவீதம். செய்திகளில் பார்க்கும் அந்த வண்ண வரைபடங்களுக்குப் பின்னால் இருப்பது நான் மேலே சொன்ன துண்டு ஒட்டிப் பார்க்கும் வேலைதான். இரண்டு நாள் நகர்வில் பிழை நான்கு கி.மீ. என்றாலும் அது பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாயாததால், வருடக் கணக்கில் பெருமளவு கழிந்துபோகும். எனவே இந்த வீழ்ச்சி பிழையால் வந்த தோற்றம் இல்லை.

உறுதியில்லாதது எது என்றால், ஃப்ராம் நீரிணை வழியாக வெளியேறும் பனி கூடிக்கொண்டு போகிறதா என்பது. ஆர்க்டிக்கிலிருந்து வெளியேறும் பனியின் பெரும்பகுதிக்கு அதுதான் வாசல். வருடத்துக்குச் சுமார் ஏழு முதல் ஒன்பது லட்சம் சதுர கி.மீ. பனி அதன் வழியே போய் உருகுகிறது. க்வோக் குழுவினர் நுண்ணலைத் தரவை வைத்து, சொல்லத்தக்க ஏற்றம் எதுவும் இல்லை என்றார்கள். ஸ்மெட்ஸ்ருட் குழுவினர் ரேடார் படங்களையும் பழைய காற்றழுத்தப் பதிவுகளையும் சேர்த்து 2017ல் வெளியிட்டதில், 1979க்குப் பிறகு பத்தாண்டுக்கு 6 சதவீத ஏற்றம் என்றார்கள். இரு தரப்பும் கவனமாக வேலை செய்தவர்கள். நீரிணைக்குக் குறுக்கே அளந்த கோடு ஒன்றல்ல, கருவி ஒன்றல்ல. அங்கே பனி மிக வேகமாக, கரைக்கும் திறந்த கடலுக்கும் நடுவே கத்தரித்துக்கொண்டு ஓடுவதால் பெரிய பிக்சல் உணரி வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பது என் அனுபவம். அதனால் நான் ரேடார் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஆனால் ஏற்றம் உண்டு என்று சத்தியம் செய்யத் தயாரில்லை.

இன்னொரு பலவீனம் இதைவிட ஆழமானது. பனி எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, பக்கத்துப் பக்கத்துப் பனி வேறு வேறாக நகர்ந்ததா என்பதுதான் பல விதங்களில் முக்கியம். வேறாக நகர்ந்தால்தான் கிழியும், குவியும். இதைத்தான் உருமாற்றம் என்கிறோம். மைனஸ் முப்பது டிகிரிக் காற்றுக்குக் கீழே ஒரு விரிசல் திறந்தால் மைனஸ் 1.8 டிகிரிக் கடல்நீர் வெளியே தெரியும். கெட்டிப் பனி வழியாகப் போவதைப் போல நூறு மடங்கு வரை வெப்பம் அதன் வழியே வெளியேறும். அங்கே புதுப்பனி உறைந்து, உப்பு கீழே இறங்கும். இதை அளக்க இரண்டு அம்புகளின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நாளுக்கு 2 கி.மீ. பிழை. வித்தியாசத்தில் பிழை ஏறக்குறைய 2.8 கி.மீ., அதாவது 25ல் 11 சதவீதம், நாளுக்கு ஐந்தரை சதவீதம். உண்மையான உருமாற்றமே நாளுக்குச் சில சதவீதம்தான். அளக்க வந்த பொருளும் பிழையும் ஒரே எடை. நல்ல ரேடாரில் பிழை நூறு மீட்டர் அளவில் இருப்பதால், 10 கி.மீ. இடைவெளியில், மூன்று நாளில், நாளுக்கு அரை சதவீதம் என்று இறங்கிவிடும். அதனால் உருமாற்றம் என்றால் ரேடார் மட்டும்தான். கலப்புத் தொகுப்பை எடுத்து வித்தியாசம் கணக்கிட்டால் மிதவை இருந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு செயற்கைத் தடம் விழுவதைப் பழைய பதிப்புகளில் கண்டுபிடித்தார்கள். பனி அங்கே எதுவும் செய்யவில்லை. துல்லியமான எண்ணும் மங்கலான எண்ணும் சந்தித்த தையல் அது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. நூறு வருடத்துக்கு முன்னோக்கி ஓடும் காலநிலை மாதிரிக்குள் இந்த நகர்வு எண்களை யாரும் போடுவதில்லை. போடவும் முடியாது, 2070ஆம் வருடப் பனிக்குப் படம் ஏது? மாதிரி பனியின் நகர்வைத் தானே கணக்கிடுகிறது: மேலே காற்றின் இழுப்பு, கீழே நீரின் இழுப்பு, பூமி சுழல்வதால் வரும் விலகல், கடல் மட்டத்தின் சரிவு, கடைசியாகப் பனித்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் உள்விசை. முதல் நான்கும் ஓரளவு தெரிந்தவை. ஐந்தாவதுதான் கடினம். ஹிப்ளர் 1979ல் எழுதிய முறைதான், பல திருத்தங்களோடு, இன்றும் பெரும்பாலான மாதிரிகளில் ஓடுகிறது. அதில் பனியின் வலிமைக்கு ஒரு எண் உண்டு, பி-ஸ்டார் என்பார்கள், சதுர மீட்டருக்கு 27,500 நியூட்டன் என்பது வழக்கமாக வைக்கும் மதிப்பு. செயற்கைக்கோள் அளவீடு நுழைவது இங்கே. மாதிரியைக் கடந்த காலத்துக்கு ஓடவிட்டு, அதன் பனி நிஜப் பனியைப் போல நகர்கிறதா என்று பார்த்து, இந்த எண்ணையும் காற்றின் இழுப்பு எண்ணையும் திருத்துகிறார்கள். சில நாட்களுக்கான பனி முன்னறிவிப்பும் கடந்த காலத்தை அளவீடுகளோடு சேர்த்து மறுபடி கணக்கிடும் மறுஆய்வும் வேறு கதை, அவற்றில் சில நகர்வுத் தரவை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே பிழை உள்ளே போகுமா என்றால், நேராகப் போகாது, மாதிரியைத் திருத்த வைத்திருக்கும் அளவுகோல் வழியாகப் போகும். அதிலும் இரண்டு நாள் நகர்வில் வரும் நான்கு கி.மீ. பிழையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. ஒரு மாதிரியில் பனி நிஜத்தைவிடக் கெட்டியாக இருக்கலாம், அதன் காற்றும் நிஜத்தைவிடப் பலமாக இருக்கலாம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சராசரி வேகம் அச்சாகப் பொருந்தும். பார்ப்பவர் கைதட்டுவார். அந்த மாதிரியில் பனி மெலியும்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. 2011ல் ராம்பால் குழு, அன்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைக்குப் பயன்பட்ட மாதிரிகளைப் பார்த்தபோது, நிஜத்தில் நடந்த வேகமெடுப்பு அவற்றில் சரியாகத் தெரியவில்லை. சராசரியைப் பொருத்துவது போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. பனி தடிமனாகும் குளிர்கால மாதங்களில் வேகம் குறைந்து, செப்டம்பர் பக்கம் கூடுகிறதே, அந்த ஏற்ற இறக்கம் மாதிரியில் வருகிறதா? கிழிசல்கள் நிஜத்தைப் போல நீண்ட, மெல்லிய கோடுகளில் குவிகின்றனவா, அல்லது எங்கும் சமமாகப் பரவுகின்றனவா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் சரிக்கட்டிய தப்புகள் வெளியே வந்துவிடும். கடைசிக் கேள்விக்காகவே நொறுங்கும் பொருளைப் போலப் பனியைக் கையாளும் புது வகை மாதிரிகளை எழுதுகிறார்கள். அவை கோடுகளை நன்றாகக் காட்டுகின்றன. நூறு வருட முடிவை அவை எவ்வளவு மாற்றும் என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் இதில் உதவுமா என்றும் சிலர் கேட்பார்கள். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் அது. அதன் நீண்ட அலை முகடுகளையும் உடைந்த பனியையும் சென்டினலைவிடத் தெளிவாகக் காட்டும், ஈரமான கோடைப் பரப்பிலும் கொஞ்சம் தைரியமாக நிற்கும். ஆனால் அண்டார்டிகாவை நன்றாகப் பார்ப்பதற்காக அதன் பார்வையை இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். வடக்கே 77.5 பாகையோடு அது நின்றுவிடும். மத்திய ஆர்க்டிக்குக்கு அது கிடைக்காது. ஓரக் கடல்களுக்கும் தெற்கே அண்டார்டிகப் பனிக்கும் அது பெரிய வரவு.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் ஜனவரி அல்லது பிப்ரவரியில் ஆரம்பியுங்கள், கோடையைத் தொடாதீர்கள். ஓசி-சாஃப் தரும் 48 மணி நேர நகர்வு இலவசம், மிதவை இருப்பிடங்களும் இலவசம். முதலில் நேரத்தைப் பொருத்துங்கள். பிறகு அதே நாளின் காற்றை எடுத்து, 2 சதவீதமாக்கி, 25 பாகை வலப்பக்கம் திருப்பி, செயற்கைக்கோள் அம்பிலிருந்து கழியுங்கள். ஆர்க்டிக்கின் நடுவில் மிச்சம் சிறிதாக இருக்கும். கிரீன்லாந்துக்கும் கனடாவின் தீவுகளுக்கும் வடகரையில் மட்டும் பெரிதாக நிற்கும், ஏனென்றால் ஆர்க்டிக்கின் கெட்டியான பனி அங்கேதான் கரையை முட்டிக்கொண்டு நெருங்கிக் கிடக்கிறது. அந்த மிச்சம்தான் நான் சொன்ன ஐந்தாவது விசை. அந்த வரைபடம் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.